புல் வெட்டும் மெஷின் பராமரிப்பு: ஏற்காடு மலைக்கும் சேலத்துக்குமான கேள்வி பதில்கள்

சேலம், ஏற்காடு பக்கம் புல் வெட்டும் மெஷின் என்றால் இரண்டு வகை. பங்களா, விடுதி, பள்ளி மைதானங்களில் தள்ளிக்கொண்டு போகும் சக்கரம் வைத்த லான் மோவர் ஒன்று. காபித் தோட்டத்தில் தோளிலோ முதுகிலோ மாட்டிக்கொண்டு களை வெட்டும் பிரஷ் கட்டர் இன்னொன்று. இங்கே இரண்டுக்கும் பதில் உண்டு. எந்தக் கேள்விக்கு வந்தாலும் ஒரு விதி பொது: பிளேடு பக்கம் கை போகும் முன் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். லான் மோவரில் இன்ஜின் நின்றிருந்தாலும் பிளேடைக் கையால் திருப்பினால் ஒரு பொறி விழுந்து இன்ஜின் ஓடலாம். விரல் போக அது போதும்.

வேலை முடியும்போதே இருட்டிவிடுகிறது. காலையில் சுத்தம் செய்துகொள்ளலாமா?

அன்றே செய்யுங்கள். புல் பச்சையாக இருக்கும்போது ஒரு மூங்கில் சீவல் போதும், அப்படியே வழித்து எடுத்துவிடலாம். ஒரு ராத்திரி போனால் சாறோடு காய்ந்து சாணி மெழுகியதுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு இரும்பால் சுரண்ட வேண்டிவரும், பெயிண்ட் உரியும், உரிந்த இடத்தில் துரு ஏறும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் மாதங்களில் கொட்டகைக்குள் வைத்த இரும்பே வேர்க்கும். ஈரப் புல்லும் சேர்ந்தால் தகடு காயவே காயாது.

லான் மோவரை நிறுத்தி 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள். பிளக் தொப்பியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடி, மெஷினைச் சாய்த்து, அடித்தட்டில் ஒட்டிய புல்லை மரச்சீவலால் வழித்து, கெட்டித் தூரிகையால் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. துருவைத் தடுப்பது மட்டுமல்ல இதன் பயன். அடித்தட்டில் புல் அப்பியிருந்தால் பிளேடு கிளப்பும் காற்றுக்குச் சுற்ற இடமிருக்காது. புல் நிமிராமல் மடங்கும், வெட்டு திட்டுத் திட்டாக விழும். "பிளேடு மழுங்கிவிட்டது" என்று வரும் மெஷின்களில் பலவற்றுக்கு அடித்தட்டைச் சுத்தம் செய்தாலே போதும்.

பிரஷ் கட்டரில் பார்க்க வேண்டியவை வேறு: ஸ்டார்ட்டர் மூடியின் காற்றுத் துளைகள், சிலிண்டரின் மடிப்புகள், கியர் ஹெட்டுக்கும் (குழாய் நுனியில் பிளேடைச் சுற்றும் பெட்டி) பிளேடுக்கும் நடுவில் சுற்றிக்கொண்ட நார். மடிப்புகளில் புல்தூள் அடைந்தால் இன்ஜின் சூட்டை வெளியேற்ற முடியாது.

லான் மோவரை எந்தப் பக்கமாகச் சாய்ப்பது?

ஏர் ஃபில்டரும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் வானத்தைப் பார்க்க வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள்ளும் சில சமயம் சிலிண்டருக்குள்ளும் இறங்கிவிடும். அதன்பின் ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வராமல் கட்டையாக நிற்கும். பலம் கொண்டு இழுத்தால் கயிறு அறும். பிளக்கைக் கழற்றி, துளையைத் துணியால் மூடி, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். ஆயில் வெளியே வந்துவிடும். காகித ஃபில்டர் ஆயிலில் நனைந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் நீலப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

பைப் போட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

அடித்தட்டில் மட்டும், இன்ஜின் நன்றாக ஆறிய பின், வேகமில்லாத தண்ணீரில். வண்டி கழுவும் பிரஷர் மெஷின் வேண்டவே வேண்டாம். பேரிங், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் புகுந்துவிடும்.

டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு ஆயில்?

டூ ஸ்ட்ரோக் என்பது பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் இன்ஜின், ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக இருக்கும். பெட்ரோல் டேங்கின் மூடியிலோ கையேட்டிலோ விகிதம் எழுதியிருக்கும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 5 லிட்டருக்கு 100 மி.லி. 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மி.லி. 25-க்கு 1 என்றால் 40 மி.லி. "ஒரு மூடி ஊற்றினால் சரியாக இருக்கும்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள், பாட்டிலுக்குப் பாட்டில் மூடி வேறு. மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சு ஒன்று கலவைக் கேனோடு கட்டித் தொங்கட்டும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். கேனில் பாதிப் பெட்ரோல், அதில் முழு ஆயில், மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மெஷினின் டேங்கிலேயே ஊற்றிக் கலக்காதீர்கள். ஆயில் அடியில் தங்கும். இன்ஜின் முதலில் கெட்டி ஆயிலைக் குடித்துப் புகைக்கும், பின்னால் வெறும் பெட்ரோலில் ஓடும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்புத் தருவது பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டுமே. வெறும் பெட்ரோலில் முழு ரேஸில் ஓடினால் சில நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விவிடும். பிறகு பிஸ்டன், ரிங், சிலிண்டர் மூன்றும் புதிது வாங்க வேண்டும்.

ஒரே தோட்டத்தில் டூ ஸ்ட்ரோக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கும் இருந்தால் கேன்களுக்கு வேறு வேறு நிறம் பூசுங்கள். ஆள் மாறும் நாளில்தான் கேனும் மாறும். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், இன்ஜினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு வெறும் பெட்ரோல்தான்.

கலந்த பெட்ரோலை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

சேலத்தில் ஒரு மாதம், ஏற்காட்டு மழைக்காலத்தில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். நீங்கள் கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்குக்குள் இருக்கும் குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஆகவே அளந்து கலந்த பெட்ரோலிலும் இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓட நேரும்.

சந்தேகமான கலவையைக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால் அதை மெஷினில் ஊற்றாதீர்கள். கேனைக் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் மட்டும் இடம் விட்டு நிரப்பி இறுக மூடுவது, சின்னக் கேனாகப் பார்த்து வாங்குவது, அந்த வாரத்துக்கு மட்டும் கலப்பது, இந்த மூன்றும் செய்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

சேலத்தில் கடைக்காரர் ஓட்டிக் காட்டியபோது நன்றாக இருந்தது. ஏற்காட்டுக்குக் கொண்டுவந்ததும் புகைகிறது, இழுவை இல்லை. ஏமாற்றிவிட்டாரா?

இல்லை, மெஷினும் பழுதில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே விட்ட அளவிலேயே பெட்ரோலை விடும். காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் முழுதும் எரியாமல் புகையாகவும், பிளக்கில் கரியாகவும் போகிறது.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை சதவீத சக்தி குறையும். அதாவது ஏற்காட்டில் சேலத்து இழுவையில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். எந்த மெக்கானிக்காலும் அதைத் திருப்பித் தர முடியாது, தோட்டத்துக்கு மெஷின் வாங்கும்போதே ஒரு படி பெரிதாக வாங்குவது நல்லது. புகையும் கரியும் திக்கலும் வேறு. அவை கார்புரேட்டரைச் சரிசெய்தால் போய்விடும்.

முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து பாருங்கள், அடைத்த ஃபில்டரும் இதே அறிகுறியைக் காட்டும். பிறகும் இருந்தால், கார்புரேட்டரில் இரண்டு திருகு உள்ள மெஷினில் வேகத்துக்கான திருகை வலப்புறமாக எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி ஓட்டிப் பாருங்கள். ஊசி வைத்த கார்புரேட்டரானால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றினால் ஊசி கீழிறங்கி பெட்ரோல் குறையும். திருகு இல்லாத லான் மோவர் கார்புரேட்டருக்கு ஒரு அளவு சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) போட வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எங்கே நிறுத்துவது? டூ ஸ்ட்ரோக் மெஷினைப் புல்லில் படாமல் முழு ரேஸில் பிடித்தால் சத்தத்தில் லேசான கரகரப்பு இருக்க வேண்டும். களையில் இறக்கியதும் கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். களையில் படாமலே சத்தம் தெளிந்து கீச்சென்று உயர்ந்தால் பெட்ரோல் அதிகம் குறைந்துவிட்டது, உடனே திருகைப் பின்னால் திருப்புங்கள்.

மலையில் சரிசெய்த மெஷினைக் கீழே கொண்டுபோனால்?

இதுதான் ஆபத்தான பக்கம். மேலே குறைத்து வைத்த பெட்ரோல் கீழே உள்ள கனத்த காற்றுக்குப் போதாது. கூடவே ஆயிலும் குறைகிறது, இன்ஜின் சூடும் ஏறுகிறது. கோடையில் சேலம் வெயிலில் அப்படி ஓட்டினால் பிஸ்டன் கவ்விவிடும். மலையில் ஒரு மெஷின் புகைத்தால் பிளக் கெடும், சமவெளியில் பெட்ரோல் போதாமல் ஓடினால் இன்ஜினே கெடும். அதனால் குப்பனூர் பக்கமோ அஸ்தம்பட்டி பக்கமோ இரவல் கொடுத்தால், திருப்பிய திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கொடுங்கள். முதலில் திருப்பும்போதே பழைய இடத்தைப் பெயிண்ட் புள்ளியால் குறித்து வைத்திருந்தால் சுலபம்.

ஏர் ஃபில்டரை எப்போது, எப்படிக் கழுவுவது?

ஸ்பாஞ்ச் ஃபில்டரை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மாசி முதல் சித்திரை வரை புழுதியில் வெட்டும்போது தினமும். சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, முறுக்காமல் உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிழிந்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் நாலைந்து சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுக் கசக்கி, மிஞ்சியதைத் துணியில் ஒற்றி எடுங்கள். மலையில் காய ஒரு நாள் ஆகும், ஆகவே இரண்டு ஸ்பாஞ்ச் வைத்து மாற்றி மாற்றிப் போடுவதே வசதி. காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. தட்டித் தூசி போக்கலாம், கறுத்துவிட்டால் புதிது. "இன்றைக்கு மட்டும்" என்று ஃபில்டர் இல்லாமல் ஓட்டும் ஒரு நாளில் உள்ளே போகும் மண், ரிங்கை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

முனை பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமாகக் கறுத்து எண்ணெய் வழிந்தால் கலவையில் ஆயில் அதிகம், அல்லது சோக் மூடியே கிடக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் இன்ஜின் பெட்ரோல் போதாமல் சூடாகிறது, அன்று வேலையை நிறுத்துங்கள்.

பிளக் முனையின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. போடும்போது முதலில் கையாலேயே முழுதும் திருகி, பிறகு ஸ்பேனரால் பழைய பிளக்கைக் கால் சுற்றுக்குள், புதிய பிளக்கை அரைச் சுற்று இறுக்குங்கள். சிலிண்டர் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது.

ஃபில்டரும் பிளக்கும் புதிது, ஆனால் ரேஸ் ஏறவில்லை.

சைலன்சரின் வாயில் பொறி தெறிக்காமலிருக்க ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். அதில் கரி அடைந்திருக்கும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. வலையைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டுங்கள். கழற்றி எறிந்துவிடாதீர்கள், பங்குனியில் காய்ந்த சருகு மேல் ஒரு பொறி விழுந்தால் தோட்டமே பற்றும். அடுத்துப் பார்க்க வேண்டியது டேங்குக்குள் குழாய் முனையில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர். வளைத்த கம்பியால் வெளியே இழுத்து, வாயால் ஊதாமல், சுத்தப் பெட்ரோலில் அலசுங்கள். பழுப்பாகிவிட்டால் மாற்றுங்கள்.

கியர் ஹெட் கை வைக்க முடியாமல் சுடுகிறது.

கிரீஸ் தீர்ந்துவிட்டது, அல்லது அளவுக்கு மீறி அடைத்திருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கழற்றி, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் ஏற்றுங்கள். உள்ளே மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால் போதும். முழுக்கத் திணித்தால் விரிவதற்கு இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பிளேடுக்கு மேலே சுற்றிய புல்நாரை அன்றன்றே கத்தியால் அறுத்து எடுக்காவிட்டாலும் அதே சீல்தான் கிழியும். முதுகில் மாட்டும் மெஷினில் வளையும் கேபிளையும் வெளியே உருவி, துடைத்து, கிரீஸ் தடவுங்கள். உலர்ந்து ஓடினால் கேபிள் முறுக்கி அறும்.

பிளேடு நட்டு எவ்வளவு முயன்றாலும் கழலவில்லை.

பிரஷ் கட்டரில் பெரும்பாலும் அது இடது மரை. கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கியர் ஹெட்டிலுள்ள துளையில் எல் கீயைச் செருகி, பிளேடைச் சுற்றித் துளை பொருந்தியதும் பூட்டிக்கொள்ளும், பிறகு ஸ்பேனர் போடுங்கள். லான் மோவரின் பிளேடு போல்ட்டுக்கு வழக்கமான மரைதான்.

பிளேடை நாமே தீட்டலாமா?

தாராளமாக. பழைய கோணத்தையே பின்பற்றி, ஏறக்குறைய 30 டிகிரியில், தட்டை அரத்தால் ஒரே திசையில் தீட்டுங்கள். ஒரு பல்லுக்குப் பத்து இழுப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் பத்துதான். கிரைண்டரில் பிடித்தால் நுனி நீலம் பாயும், அந்த இரும்பு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். தீட்டியதும் நடுத் துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். சமன் இல்லாத பிளேடு கையை மரத்துப்போக வைக்கும், பேரிங்கைத் தின்னும்.

விரிசல் கண்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் உடைந்து தெறிக்கும் துண்டுக்கு எதிரில் யார் நின்றாலும் காலம் முழுக்க வருந்த நேரும்.

காபிச் செடி நடுவே வெட்டும்போது எந்தப் பிளேடு?

வரிசைக்கு நடுவே மென்மையான களைக்கு மூன்று பல் பிளேடு. உண்ணிச்செடி போன்ற கட்டைக்கு ரம்பப் பல் பிளேடு. கல் நிறைந்த பாதை ஓரத்துக்கு நைலான் நரம்பு. செடித் தண்டிலிருந்து இரண்டடிக்குள் எந்த மெஷினும் வேண்டாம், அங்கே கையால்தான். நரம்பு தண்டை வெட்டாது என்று நம்பி நெருங்குவார்கள். அது பட்டையைச் சுற்றி உரிக்கும், செடி சில மாதம் கழித்து வாடும்போது காரணம் தெரியாது. சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியும் அப்படித்தான், அடியில் ஒரு வெட்டு விழுந்தால் மேலே மொத்தக் கொடியும் போகும்.

பிளேடு மண்ணைத் தொடாமல் இரண்டு, மூன்று அங்குலம் மேலேயே போகட்டும். காபியின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, பிளேடும் சீக்கிரம் மழுங்காது. நைலான் நரம்பு வெயிலில் கிடந்து மொடமொடத்தால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள், மறுபடி வளைந்து கொடுக்கும். வெட்டும் ஆளிடமிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.

ரேஸ் கொடுக்காமலே பிளேடு சுற்றுகிறது.

ஐடில் திருகை (ரேஸ் கொடுக்காதபோது ஓடும் வேகத்துக்கானது) குறையுங்கள். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். மாற்றும்வரை மெஷினை எடுக்காதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் மாற்றுவது?

புதிய மெஷினில் முதல் முறை 10 மணி நேரத்தில், பிறகு 50 மணிக்கு ஒருமுறை. 10டபிள்யூ-30 ஆயில். 35 சிசி பிரஷ் கட்டருக்கு ஏறக்குறைய 100 மி.லி. மட்டுமே பிடிக்கும். அவ்வளவு சின்ன அளவில் 30 மி.லி. குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போனதாகக் கணக்கு. அதனால் தினமும் பாருங்கள், சமதளத்தில் வைத்துப் பாருங்கள். சரிவில் வைத்தால் அளவு பொய் சொல்லும். இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். வடித்ததை வாய்க்காலிலோ செடி அடியிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மலையில் ஊற்றுவது ஓடையில்தான் போய்ச் சேரும்.

காபி பறிப்பு தொடங்கிவிட்டது. மூன்று மாதம் மெஷின் சும்மா கிடக்கும். எப்படி வைப்பது?

டேங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மிஞ்சும் பெட்ரோல்தான் பிசினாகி ஜெட்டை அடைக்கும், உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டை விறைக்க வைக்கும். பிளக்கைக் கழற்றித் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். பிளேடில் ஆயில் துணியால் ஒரு துடைப்பு. சிமெண்ட் தரையில் வைக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், அதைவிடச் சாக்குப்பை நல்லது. பெட்ரோல் குழாயை எலி கடிக்கும், எடுக்கும் நாளில் முதலில் அதைப் பாருங்கள்.

தோட்டத்தில் என்னென்ன உதிரி வைத்திருக்க வேண்டும்?

ஒரு பிளக்குக்காகச் சேலம் இறங்கி ஏறினால் அந்த நாள் கூலி போச்சு. பிளக் 2, ஸ்பாஞ்ச் ஃபில்டர் 2, பெட்ரோல் ஃபில்டர் 1, பெட்ரோல் குழாய் ஒரு அடி, ஸ்டார்ட்டர் கயிறு 1, பிளேடு நட்டு 2, தீட்டிய பிளேடு 1, கிரீஸ் அரைக் கிலோ, தட்டை அரம், பிளக் ஸ்பேனர், எல் கீ. நட்டு இரண்டு எதற்கென்றால், களைக்குள் கை நழுவி விழுந்த இடது மரை நட்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, சாதாரண ஹார்டுவேர் கடையிலும் அது கிடைக்காது.